ரீஸ்டோர் செய்த ப்யூக் ரிவியேரா வாங்குவது எப்படி: 1963–65 வண்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பழைய கார் விற்பவர்கள் விளம்பரத்தில் "ஃபுல்லி ரீஸ்டோர்ட்" (முழுதாகப் பழைய நிலைக்குப் புதுப்பித்தது) என்று போட்டுவிட்டால் விலை கிடுகிடுவென ஏறிவிடும். அதற்கென்று ஒரு சட்டமோ, அளவுகோலோ, சான்றிதழோ கிடையாது. வண்டியை அடிச்சட்டம் வரை பிரித்து, நட்டு போல்ட்டைக்கூடச் சுத்தம் செய்து பூட்டியவரும் அப்படித்தான் எழுதுகிறார். துருவின் மேல் பட்டி வைத்துத் தேய்த்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, சீட்டுக்குப் புது உறை போட்டவரும் அதையேதான் எழுதுகிறார். இருவர் கேட்கும் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் என்பதுதான் வேடிக்கை.

எந்த வண்டியை வைத்துச் சொன்னாலும் அடிப்படை ஒன்றுதான். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட காரை எடுத்துக்கொண்டால்தான் பேச்சு பொதுப்படையாகப் போகாமல் இருக்கும். அதற்கு, அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ப்யூக் பிரிவு தயாரித்த முதல் தலைமுறை ரிவியேராவை எடுத்துக்கொள்கிறேன். 1963, 1964, 1965 என்று மூன்றே மாடல் ஆண்டுகள். மொத்தம் 1,12,244 வண்டிகள்.

இந்த வகைக்கு அமெரிக்கர்கள் 'பர்சனல் லக்சுரி கார்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டு கதவு, நான்கு பேர் உட்காரும் இடம், பெரிய வி8 எஞ்சின், சொகுசான உள்பக்கம். பந்தயக் காரும் இல்லை, டிரைவர் வைத்து ஓட்டும் வண்டியும் இல்லை. வசதியானவர் தானே ஓட்டிப் போக வேண்டிய கார். 1958-இல் ஃபோர்டு நிறுவனம் தண்டர்பேர்டை நான்கு சீட்டாக மாற்றியபோது இந்தச் சந்தை பிறந்தது. ஜெனரல் மோட்டார்ஸிடம் அதற்கு நேரடிப் போட்டி இல்லை. அங்கே வடிவமைப்புத் தலைவராக இருந்த பில் மிட்செல், லண்டன் மூடுபனியில் ஒரு ரோல்ஸ் ராய்ஸைப் பார்த்ததாகவும், கத்தியால் சீவியதுபோன்ற அந்தக் கூரை விளிம்பு மனதில் ஒட்டிக்கொண்டதாகவும் பிற்காலத்தில் சொல்லி வந்தார். நெட் நிக்கல்ஸ் வரைந்த அந்த வடிவம் முதலில் அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவான கேடிலாக்குக்காக, அதன் பழைய துணை பிராண்டான லாசால் பெயரை உயிர்ப்பிக்கும் எண்ணத்தில் உருவானது. கேடிலாக் ஆர்வம் காட்டவில்லை. பிற பிரிவுகள் போட்டி போட, ப்யூக் தட்டிக்கொண்டு போனது. முதல் ஆண்டில் வேண்டுமென்றே 40,000 வண்டிகளோடு உற்பத்தியை நிறுத்தினார்கள். அன்றைய அடிப்படை விலை 4,333 டாலர்.

வரலாறு போதும், வாங்கும் வேலைக்கு வருவோம்.

முதல் படி: எந்த ஆண்டு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

மூன்று ஆண்டுகளும் தூரத்திலிருந்து ஒரே மாதிரி தெரியும். ஓட்டினால் வேறு வேறு.

1963-இல் 401 கன அங்குல எஞ்சின், 325 குதிரைசக்தி. கூடுதல் பணம் கொடுத்தால் 425 கன அங்குலம், 340 குதிரைசக்தி. கியர்பாக்ஸ் 'ட்வின் டர்பைன்' வகை டைனாஃப்ளோ, ப்யூக்கின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், ஓட்டிப் பார்க்கும்போது திரும்ப வரும்.

1964-இல் 425 எஞ்சினே அடிப்படை ஆனது. கியர்பாக்ஸும் மாறி, மூன்று கியர் கொண்ட சூப்பர் டர்பைன் 400 வந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் பேர்பெற்ற டர்போ ஹைட்ராமேடிக் 400-இன் ப்யூக் வடிவம் இது; பழுது பார்க்கத் தெரிந்த ஆள் எந்த ஊரிலும் கிடைப்பார். அடிக்கடி ஓட்ட வேண்டும் என்றால் என் தேர்வு இந்த ஆண்டுதான்.

1965-இல் முகமே மாறியது. ஹெட்லைட்டுகள் முன் ஃபெண்டர்களின் கிரில்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டன. விளக்கைப் போட்டால் கிரில் மேலும் கீழுமாகப் பிரிந்து திறக்கும். பின் விளக்குகள் பம்பருக்குள் இறங்கின. கதவுக்குப் பின்னால் இருந்த போலிக் காற்றுத் துளைகள் போயின. அழகில் இதுதான் முதலிடம் என்பதில் பெரிய சண்டை இல்லை. எஞ்சின் மறுபடி 401 அடிப்படையானது. இதே ஆண்டில்தான் கிரான் ஸ்போர்ட் வந்தது: இரண்டு நான்கு-பேரல் கார்புரேட்டர்கள் மாட்டிய 425, 360 குதிரைசக்தி, பின் அச்சு விகிதம் 3.42. சுமார் 3,350 வண்டிகள்தான் இப்படி வெளிவந்தன. அதனாலேயே விலை தனி. அதனாலேயே போலிகளும் உண்டு.

இரண்டாம் படி: நேரில் போகும் முன் எண்களைச் சரிபாருங்கள்

விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது படங்கள்தான், ஆனால் வண்டி சூரிய அஸ்தமனத்தில் நிற்கும் படங்கள் அல்ல. மூன்று படங்கள் கேளுங்கள்: வின் நம்பர் (வண்டியின் அடையாள எண்) தகடு, பானெட்டுக்குள் எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே உள்ள தீச்சுவரில் இருக்கும் ஃபிஷர் பாடி தகடு (வண்டியின் உடல் விவரம் உள்ளது), எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் அடித்திருக்கும் குறியீடு. அதோடு டைட்டிலின், அதாவது உரிமைச் சான்றிதழின், படம் ஒன்று. முகவரியை மறைத்துக் கொடுத்தாலும் பரவாயில்லை.

இந்த வண்டிகளில் வின் தகடு டேஷ்போர்டில் இருக்காது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கீல் இருக்கும் தூணில் ஸ்பாட் வெல்டு செய்திருப்பார்கள். 1963 வண்டியின் எண் 7ஜே என்றும், 1964 வண்டியின் எண் 7கே என்றும் தொடங்கும். 1965-இல் முறை மாறி 494475 என்று ஆரம்பிக்கும். அடுத்து வரும் எச் என்ற எழுத்து ஃப்ளிண்ட் ஆலையைக் குறிக்கும். தகட்டைச் சுற்றிப் புது வெல்டோ, திருகோ, ரிவெட்டோ தெரிந்தால் அங்கேயே நின்று காரணம் கேளுங்கள். டைட்டிலில் உள்ள எண்ணும் தகட்டில் உள்ள எண்ணும் ஓர் எழுத்துகூட மாறக்கூடாது. மாறினால் வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் பதிவு அலுவலகத்தில் அலையப்போவது நீங்கள்தான்.

எஞ்சின் குறியீடு இரண்டு எழுத்து. முதல் எழுத்து ஆண்டு: ஜே 1963, கே 1964, எல் 1965. இரண்டாவது எழுத்து எஞ்சின் வகை: டி என்றால் 401, டபிள்யூ என்றால் 425, எக்ஸ் என்றால் இரட்டை கார்புரேட்டர் 425. ஆக, 1965 கிரான் ஸ்போர்ட் என்று ஒருவர் விற்றால் பிளாக்கில் எல்எக்ஸ் இருந்தாக வேண்டும். வின் நம்பரை வைத்து அது கிரான் ஸ்போர்ட்டா என்று கண்டுபிடிக்க முடியாது, இதை ஞாபகம் வையுங்கள்.

ஏர் கிளீனர் மேல் 'வைல்ட்கேட் 465' என்று ஸ்டிக்கர் இருப்பதைக் காட்டி 425 எஞ்சின் என்று சிலர் சொல்வார்கள். அந்த எண் குதிரைசக்தி அல்ல, டார்க் (முறுக்கு விசை) அளவு. 401-க்கு 445, 425-க்கு 465. ஸ்டிக்கர் சில டாலருக்குக் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு எஞ்சினும் அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கும். பிளாக்கில் அடித்ததைத்தான் நம்ப வேண்டும்.

மூன்றாம் படி: போனில் கேட்க வேண்டியவை

"வண்டி எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "சூப்பராக இருக்கிறது" என்று பதில் வரும். அதற்கு போன் செய்யவே வேண்டாம். குறிப்பாகக் கேளுங்கள்:

- பெயிண்டை உரித்து வெறும் தகடாக இருந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா?
- உடலை அடிச்சட்டத்திலிருந்து தூக்கினீர்களா, இல்லையா?
- க்ரோம் வேலை யார் செய்தது, பில் இருக்கிறதா?
- எஞ்சினைத் திறந்தீர்களா? திறந்தது எந்தப் பட்டறை?
- வேலை முடிந்து எத்தனை வருடம் ஆகிறது, அதற்குப் பிறகு எத்தனை மைல் ஓடியது?

முதல் கேள்விதான் முக்கியம். உண்மையிலேயே வண்டியைப் பிரித்து வேலை செய்தவர் படம் எடுக்காமல் இருக்கவே மாட்டார். எந்த போல்ட் எங்கே போகிறது என்று தெரியவே அவருக்குப் படம் வேண்டும். நூற்றுக்கணக்கில் வைத்திருப்பார், நாம் கேட்காவிட்டாலும் காட்டுவார். "படமெல்லாம் எடுக்கவில்லை, ஆனால் முழுசாகப் பிரித்தோம்" என்பவரிடம் விலையைப் பாதியிலிருந்து பேச ஆரம்பிக்கலாம்.

கடைசிக் கேள்வியையும் லேசாக விடாதீர்கள். வேலை முடிந்து பத்து வருடம் கராஜிலேயே நின்ற வண்டியில் ரப்பர், பிரேக் சிலிண்டர், பெட்ரோல் டேங்க் எல்லாம் மறுபடி பழையதாகிவிட்டிருக்கும்.

நான்காம் படி: தகடு

இங்கேதான் மொத்தப் பணமும் இருக்கிறது. அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

1965 முஸ்டாங், 1969 கமாரோ போன்ற வண்டிகளுக்கு முழு உடலையே புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். ரிவியேராவுக்கு அந்த வசதி கிடையாது. துரு பிடித்தால் கையால் தகடு வெட்டி வெல்டு செய்ய வேண்டும், அல்லது வேறொரு வண்டியிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஒரு மணி நேர டிங்கர் கூலி என்ன என்று தெரிந்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

பெயிண்ட் கனம் அளக்கும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஆலையில் அடித்த பெயிண்ட் சுமார் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். ஒழுங்காக மறுபெயிண்ட் அடித்த இடம் 200, 300 என்று காட்டும்; அது தவறில்லை. 500-ஐத் தாண்டினால் அடியில் பட்டி இருக்கிறது. 1000-க்கு மேல் போனால் அங்கே பட்டிதான் வண்டி. ஒரே ஒரு இடத்தை அளந்துவிட்டு விடாமல், ஒவ்வொரு பேனலிலும் மேலிருந்து கீழாக அளந்துகொண்டே வாருங்கள். மேலே 180, நடுவில் 190, கீழே திடீரென்று 900 என்று குதித்தால் அந்தக் கீழ்ப்பகுதி துருவோடு மூடப்பட்டது என்று அர்த்தம்.

ரிவியேராவில் துரு வழக்கமாக வரும் இடங்கள் இவை. பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர் பேனலின் (பின்பக்கப் பக்கவாட்டுத் தகட்டின்) கீழ்முனை. முன் சக்கரத்துக்கும் கதவுக்கும் இடையே ஃபெண்டரின் கீழ்ப்பகுதி. கதவுகளின் அடி விளிம்பு. அப்புறம் பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு. இதைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். க்ரோம் பட்டைக்கு அடியில் தண்ணீர் தேங்கி, அங்கே துளை விழுந்து, மழைநீர் நேராக டிக்கிக்குள் இறங்கும். எனவே டிக்கியைத் திறந்து பாயை முழுசாக உருட்டி எடுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். தரைத் தகட்டில் ஆலை அழுத்திய வரிகள் நேராக, கூர்மையாக இருக்கின்றனவா? வரி இருக்க வேண்டிய இடம் வழவழவென்று கறுப்புத் தாரோடு இருந்தால் அடியில் ஏதோ ஒளிந்திருக்கிறது. ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தில் விரலை விட்டு ஈரம் இருக்கிறதா பாருங்கள். அதே நேரம் பின் கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தை உள்ளே இருந்தும் நோட்டம் விடுங்கள். பழுப்பு நிறக் கோடு வழிந்திருந்தால் கதை தெரிந்துவிடும்.

முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் சல்லடை இருக்கிறது. அறுபது வருட இலை சருகு அங்கேதான் குவிந்து மக்கும். மக்கினால் தண்ணீர் முன் கார்பெட்டுக்கு அடியில் வரும். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க விற்பவர் தயங்கினால், அந்தத் தயக்கமே பதில்.

கதவுகள் மிக நீளமானவை, கனமானவை. பாதி திறந்து நுனியைப் பிடித்து லேசாக மேலே தூக்குங்கள். கடகடவென்று ஆடினால் கீல் பின் தேய்ந்திருக்கிறது. அது சின்ன வேலை. கதவைச் சாத்தும்போது இடைவெளி மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி இருந்தால் யோசிக்க வேண்டும். வண்டி எப்போதோ அடிபட்டிருக்கலாம், அல்லது உடல் தொய்ந்திருக்கலாம்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறுப்புப் பெயிண்ட் எதையும் மறைக்காது; தகட்டில் ஒரு சின்ன அலை இருந்தாலும் கண்ணாடி மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பு வண்டி நேராக இருந்தால் டிங்கர் வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று ஓரளவு நம்பலாம். வெள்ளை வண்டி என்றால் சாய்ந்த வெயிலிலோ, ட்யூப் லைட் வெளிச்சத்திலோ பக்கவாட்டில் குனிந்து பார்த்தே ஆக வேண்டும்.

க்ரோம் வேலையும் தகட்டுக் கணக்கில்தான் சேரும். முன் பம்பர், பின் பம்பர், கிரில், கண்ணாடி ஓரங்கள் என எல்லாவற்றையும் மறுபடி முலாம் பூசப் பல ஆயிரம் டாலர் ஆகும். ஜன்னலைச் சுற்றியுள்ள வார்ப்புப் பாகங்களில் சின்னச் சின்னப் புள்ளிகள் குமிழிட்டிருந்தால் அதை எந்தப் பாலிஷும் சரிசெய்யாது. பெயிண்ட் புதிது, க்ரோம் பழையது என்றால் ரீஸ்டோரேஷன் பாதியில் காசு தீர்ந்து நின்றது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: அடியில் போய்ப் பாருங்கள்

இந்த வண்டிக்கு எக்ஸ் வடிவ அடிச்சட்டம். நடுவில் குறுகி, முன்னும் பின்னும் விரியும். ஓரத்தில், கதவுக்குக் கீழே, சட்டமே கிடையாது. லிஃப்டில் ஏற்றும்போது கைகளை ஓரத் தகட்டில் வைத்தால் தகடு நசுங்கும். அடிச்சட்டத்தின் முன், பின் பகுதிகளில்தான் வைக்க வேண்டும். பட்டறை ஆளிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இப்போதைய இளைஞர்கள் பலருக்கு இந்த அமைப்பு பழக்கமில்லை.

உடலை அடிச்சட்டத்திலிருந்து தூக்கினோம் என்று விற்பவர் சொன்னாரா? உடலும் சட்டமும் சேரும் இடங்களில் ரப்பர் புஷ்கள் இருக்கும். அவை புதிதாக, கறுப்பாக, விளிம்பு உடையாமல் இருந்தால் சொன்னது உண்மையாக இருக்கலாம். வெடித்து, நசுங்கி, போல்ட் தலையில் பழைய துரு அப்படியே இருந்தால் உடல் 1960-களிலிருந்து நகரவே இல்லை. சட்டத்தின் மேல்பக்கத்தையும் விரலால் தடவுங்கள். கீழே நின்று ஸ்ப்ரே அடித்தால் மேல்பக்கத்துக்குப் பெயிண்ட் போகாது.

பின் சஸ்பென்ஷன் கைகள் சட்டத்தோடு சேரும் இடத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்ற சத்தம் வேண்டும். மந்தமாகக் கேட்டால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்தவும். சட்டம் ஓட்டையாக இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஆறாம் படி: எஞ்சினைக் குளிராகக் கிளப்புங்கள்

வருவதற்கு முன்னால் வண்டியை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலை பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் ஹோஸில் கை வைப்பது. சூடாக இருந்தால் வண்டிக்குக் குளிரில் கிளம்புவதில் ஏதோ சங்கடம் இருக்கிறது.

ப்யூக்கின் இந்த எஞ்சினை எல்லோரும் 'நெயில்ஹெட்' என்றுதான் சொல்வார்கள். வால்வுகள் சிறியவை, அதனால் அதிக வேகச் சுழற்சியில் பிரமாதம் காட்டாது. ஆனால் அடிமட்ட இழுவை அபாரம். 1966 வரை ப்யூக் எஞ்சின்கள் ஒரு வெளிர் பச்சை நிறத்தில் இருக்கும். சிவப்போ நீலமோ அடித்திருந்தால் வேலை செய்தவர் புத்தகத்தைத் திறந்து பார்க்கவில்லை; வேறு எங்கெல்லாம் பார்க்கவில்லையோ என்று தேடத் தொடங்குங்கள்.

கிளப்பிய உடன் நீலப் புகை கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். ஓட ஓட நீலப் புகை வந்துகொண்டே இருந்தால் ரிங். இனிப்பான வாசனையோடு வெள்ளைப் புகை விடாமல் வந்தால் கூலண்ட் உள்ளே போகிறது. பின் மெயின் பேரிங்கின் சீல் கயிறு வகை. அங்கே ஒரு சொட்டு இரண்டு சொட்டு ஆயில் கசிவதை இந்த எஞ்சினில் குறையாக எண்ண வேண்டியதில்லை. தரையில் குட்டையே கட்டினால் வேறு விஷயம்.

எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தை அளக்கும் ஒரு வேக்கூம் கேஜ் மாட்டினால் ஐடிலில் முள் 17 முதல் 20 அங்குலத்தில் அசையாமல் நிற்க வேண்டும். நெயில்ஹெட்டின் உதிரி பாகங்கள் ஷெவர்லே எஞ்சினைப் போல மலிவாகவோ, மூலைக் கடையிலோ கிடைக்காது. முழுசாகப் பிரித்துக் கட்டினால் நல்ல தொகை போய்விடும். அதனால் எஞ்சின் பில் இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நஷ்டமில்லை.

ஏழாம் படி: ஓட்டிப் பாருங்கள்

1963 வண்டியை முதல் முறை ஓட்டுபவர் கியர்பாக்ஸ் போய்விட்டது என்றே நினைப்பார். எஞ்சின் உறுமும், வேகம் மெதுவாக ஏறும், கியர் மாறும் அடையாளமே இருக்காது. டைனாஃப்ளோ அப்படித்தான் வேலை செய்யும். சும்மா வழுக்கிக்கொண்டே போகும். இதைத் தெரியாமல் நல்ல வண்டியை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு, இதையே சாக்காகச் சொல்லி நிஜமாகவே கெட்டுப்போன கியர்பாக்ஸை விற்றவர்களும் உண்டு. நின்ற இடத்திலிருந்து டிரைவில் போட்ட ஒரு நொடியில் வண்டி பிடிக்க வேண்டும், மேட்டில் திணறக்கூடாது, ஆயில் சிவப்பாக, கருகல் வாடை இல்லாமல் இருக்க வேண்டும்.

1964, 1965 வண்டிகளில் மூன்று கியரும் மாறுவது தெளிவாகத் தெரியும். 1965 கியர்பாக்ஸில் ஒரு விசேஷம்: உள்ளே ஆயிலின் ஓட்டத்தைத் திருப்பும் ஸ்டேட்டர் இலைகளின் கோணம் மின்சார ஸ்விட்ச் மூலம் மாறும். பழுது பார்த்தவர்கள் அந்த வயரைக் கழற்றிவிட்டுப் போயிருப்பது சகஜம். வண்டி ஓடும், ஆனால் கிளம்பும்போது இருக்க வேண்டிய விறுவிறுப்பு இருக்காது.

பிரேக் விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் டிரம். முன்பக்கம் 12 அங்குல அலுமினிய டிரம், குளிர்வதற்கு விலா எலும்பு போன்ற துடுப்புகளோடு. அந்தக் காலத்துக்கு மிக நல்லது. ஆனால் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. ஒரு சக்கரத்தில் குழாய் வெடித்தால் நான்கிலும் பிரேக் போய்விடும். 1967 மாடலில்தான் இரட்டைச் சுற்று வந்தது. முந்தைய உரிமையாளர் இரட்டை மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றியிருந்தால் அது ஒரிஜினல் இல்லையே என்று முகம் சுளிக்காதீர்கள், நன்றி சொல்லுங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறதா, பெடல் துடிக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

நெடுஞ்சாலையில் சற்று நேரம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் கிளம்ப மறுக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

எட்டாம் படி: உள்பக்கமும் மின்சாரமும்

சீட், கார்பெட் எல்லாம் புதிதாக வாங்கலாம், அதனால் அவற்றைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம். கிடைக்காதவற்றைப் பாருங்கள்: டேஷ்போர்டின் வார்ப்பு க்ரோம், கன்சோல் மூடி, கதவின் உள் கைப்பிடிகள். பின் சீட்டில் இருப்பவரும் கதவைத் திறக்கட்டும் என்று ஒவ்வொரு கதவுக்கும் உள்ளே இரண்டு கைப்பிடி வைத்திருப்பார்கள். நான்கும் வேலை செய்கிறதா பாருங்கள்.

1965 என்றால் ஹெட்லைட் மூடியை ஐந்தாறு முறை திறந்து மூடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகத் திறந்து, முழுசாக மூட வேண்டும். ஒரு கண் திறந்து மறு கண் மூடியபடி நின்றால் மோட்டார், வயர், ஸ்விட்ச் என்று தேடி அலைய நேரிடும். விற்பவர் "சின்ன ஃப்யூஸ் பிரச்சினைதான்" என்பார். சின்னப் பிரச்சினை என்றால் அவரே சரிசெய்துவிட்டு விற்கலாமே.

ஏசி இருந்தால் அது ஆர்-12 என்ற பழைய குளிரூட்டும் வாயுவுக்காகக் கட்டியது. 1995-ஓடு அமெரிக்காவில் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. ஆர்-134ஏ-க்கு மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

ஒன்பதாம் படி: விலையும் பேரமும்

பழைய கார்களுக்குக் காப்பீடு செய்யும் ஹேகர்ட்டி நிறுவனத்தின் இணைய விலைப் பட்டியல் வண்டிகளை 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. 1 என்றால் கண்காட்சியில் பரிசு வாங்கும் வண்டி. 4 என்றால் ஓடும், ஆனால் குறைகள் கண்ணுக்குத் தெரியும். விற்பவர்கள் எல்லோரும் தங்கள் வண்டியை 2 என்பார்கள். நீங்கள் அளந்து பார்த்ததை வைத்துப் பெரும்பாலும் அது 3 என்று முடிவுக்கு வருவீர்கள். அந்த இடைவெளிதான் பேரத்துக்கு உங்கள் கையில் இருக்கும் ஆயுதம்.

"இந்த வண்டிக்கு நான் இவ்வளவு செலவு செய்தேன்" என்று பில் கட்டைத் தூக்கிப் போடுவார்கள். நம்பலாம், உண்மையாகவே செய்திருப்பார். ரிவியேராவை ஒழுங்காக ரீஸ்டோர் செய்தால் சந்தை விலையை விட அதிகம் செலவாவது சாதாரணம். அவர் செலவழித்த தொகைக்கும் நீங்கள் தர வேண்டிய விலைக்கும் சம்பந்தம் இல்லை. அதே காரணத்தால்தான் துருப்பிடித்த வண்டியை மலிவாக வாங்கி நாமே சரிசெய்யலாம் என்ற கணக்கும் உதைக்கும். நல்ல தகடும் மங்கிய பெயிண்டும் கொண்ட வண்டி ஒரு பக்கம், பளபளக்கும் பெயிண்டும் தெரியாத தகடும் கொண்ட வண்டி இன்னொரு பக்கம் என்றால் யோசிக்காமல் முதலாவதை எடுங்கள்.

ஜெனரல் மோட்டார்ஸின் புதுக்கால எல்எஸ் வி8 எஞ்சின், காற்று சஸ்பென்ஷன், பெரிய சக்கரம் என்று மாற்றிய வண்டிகள் நிறைய வருகின்றன. அது வேறு சந்தை. பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் ஒரிஜினல் வண்டியின் விலைப் பட்டியலை வைத்து அதற்குப் பேரம் பேச முடியாது.

பத்தாம் படி: பணம், காகிதம், லாரி

டைட்டிலில் இருக்கும் பெயரும் விற்பவரின் அடையாள அட்டையில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கடன் பாக்கி டைட்டிலில் குறித்திருந்தால், அது தீர்ந்ததற்கான கடிதம் கையில் வராமல் ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். வேறு மாநிலத்தில் வண்டி இருந்தால், அந்த ஊரில் பழைய கார் மதிப்பீடு செய்பவர் ஒருவரை அமர்த்துங்கள். இதற்கு ஆகும் செலவு வண்டி விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ரிவியேரா ஓனர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம் இருக்கிறது. உறுப்பினரானால் அந்த ஊர்ப் பக்கம் வண்டி வைத்திருக்கும் யாராவது நேரில் போய்ப் பார்த்துச் சொல்லவும் வாய்ப்புண்டு.

காப்பீடு எடுக்கும்போது, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிவு செய்யும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' முறையில் எடுக்க வேண்டும். சாதாரண பாலிசி எடுத்தால், விபத்து நடந்த பிறகு, அறுபது வருடப் பழைய வண்டி என்று தேய்மானம் கழித்து ஏதோ ஒரு தொகையை நீட்டுவார்கள். வண்டி லாரியில் ஏறும் முன்பே பாலிசி நடப்பில் இருக்கட்டும். லாரியில் அனுப்பும்போது மூடிய லாரிக்குச் சற்றுக் கூடுதல் ஆகும். புதுப் பெயிண்ட் வண்டிக்கு அது தேவை. ஏற்றும் முன்பும் இறக்கிய பின்பும் நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்கு ஒரு நிம்மதி: 1975 வரையிலான வண்டிகளுக்கு அங்கே புகைச் சோதனை கிடையாது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு

வந்த அன்றே ஊர் சுற்றக் கிளம்பாதீர்கள். முதலில் டயரின் பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். 2314 என்றால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயரின் தேய்மானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டியிருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள்.

பிறகு எல்லா ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் மாற்றுங்கள். இப்போதைய பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்து வருகிறது. பழைய ரப்பர் அதில் ஊறி உதிரும், சூடான எஞ்சின் மேல் கசியும். பழைய கார்கள் தீப்பிடிக்க இது ஒரு முக்கியக் காரணம். எத்தனாலுக்கு ஏற்ற குழாயா என்று கேட்டு வாங்குங்கள், மலிவான சமாச்சாரம்தான். கம்ப்ரஷன் விகிதம் 10.25 என்பதால் பிரீமியம் பெட்ரோல்தான் போட வேண்டும். காலனுக்கு 12 மைல் வந்தால் வண்டி நல்ல மனநிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சின் ஆயில் வாங்கும்போது துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள, பழைய எஞ்சின்களுக்கென்றே விற்கும் ஆயிலை எடுங்கள். இந்தக் காலத்து ஆயிலில் அது குறைவு, கேம்ஷாஃப்ட் தேயும். பிரேக் திரவம், கூலண்ட், கியர்பாக்ஸ் ஆயில், பின் அச்சு ஆயில் எல்லாவற்றையும் எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுக்கொண்டிருக்காமல் ஒரே மூச்சில் மாற்றி, தேதியும் மைலும் போட்டு ஒரு நோட்டில் எழுதி, பில்களோடு கோர்த்து வையுங்கள். நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது, வாங்க வருகிறவர் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.